மண்சுவரும் பூகம்பமும்

தென்னாட்டில் பூகம்பம் வாராது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோவையும் பாலக்காட்டுக் கணவாயும் ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6 என மதிப்பிடப்படும் பூகம்பத்தால் குலுங்கின. பின்னர் 1988இல் இடுக்கி மாவட்டத்து நெடுங்கண்டத்திலும், 2000 டிசம்பரில் இடுக்கியை அடுத்த ஈராற்றுப்பேட்டைப் பகுதியிலும் நிலம் அதிர்ந்தது.

இத்தகைய நிலத்தில் மண்வீடு ஆகாது என்பர் சிலர். மண் பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பூமி அசையும்போது சுவர் இழுபட்டு வெடிக்கிறது. பிணைப்பில்லாத கனத்த சுவராயின் பெயர்ந்து வீழ்கிறது. 1993 செப்டம்பர் 30இல் மகாராஷ்டிரத்து லாத்தூர்ப் பகுதியில் மண்சாந்து வைத்து அடுக்கிய கற்சுவர்கள் இவ்வாறு சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இடுக்கி மலைகளில் வாழும் முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்பர். அவர்களுடைய பழைய வீடுகளில் மூங்கிலாலும் ஈத்தை என்னும் மலைநாணலாலும் தட்டி கட்டி, அதன்மேல் மண் பூசுவர். கூரை புல்லால் வேய்ந்தது. மலையில் கிடைத்ததைக் கொண்டு எழுப்பிய வீடே அது. ஆயினும் அச்சுவர் இலேசானது. மண் வெடித்தாலும் உள்ளிருக்கும் தட்டி அதனைப் பிடித்து நிறுத்தும். 1897 ஜூன் 12இன் பெரும் பூகம்பத்திற்குப் பின் அஸ்ஸாமில் பரவிய வீடுகளும் இவ்வகையினவே: மரச்சட்டம், இக்ரா நாணல், மேலே பூச்சு.

இதே உண்மையை அண்மையில் வைக்கோலைக் கொண்டும் சோதித்துள்ளனர். 2005 அக்டோபர் 8இல் காஷ்மீரில் நேர்ந்த பூகம்பத்தின் பின்னர், பாகிஸ்தானில் வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கி, நைலான் வலையால் போர்த்து, அவ்வலையின்மேல் களிமண் பூசி வீடுகள் கட்டலாயினர். 2009இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் அத்தகைய வீடொன்றை அதிர்மேடைமீது கட்டிக் கடுமையாகக் குலுக்கினர். பூச்சு வெடித்தது, வீடு சரியவில்லை. முதுவர் சுவரில் மூங்கில் செய்யும் தொழிலை அங்கே வலை செய்தது.

மண்கட்டடங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1993இல் நெறிமுறை வகுத்தது. சுவரின் உயரம் அதன் கனத்தைப்போல் 8 மடங்குக்கு மேற்படலாகாது. மூலைகள் பிணைக்கப்பட வேண்டும். சுவர்களின் தலையைச் சுற்றி மரக்கட்டு ஓட வேண்டும் என்பன அதன் கருத்துகள்.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் விடுமுறையில் ஊர் சென்று, பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப் பணம் தருகிறோம். புதுச்சுவர் செங்கல்லாயினும் கருங்கல்லாயினும், அதனைப் பிணைத்து நிற்பது யாது என்று கொத்தனாரிடம் கேட்டறிவது நம் கடமை. அவ்வீட்டில் உறங்குவோர் நம் பெற்றோர் அல்லவா?