பாட்டுப் பட்டிமன்றம் பிறந்த கதை

ஊர்ப் பொங்கல் நோட்டீஸை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வாருங்கள். காலையில் பால்குடம், மதியம் அன்னதானம், மாலையில் முளைப்பாரி ஊர்வலம். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ‘இரவு 9 மணிக்கு மாபெரும் நகைச்சுவைப் பட்டிமன்றம்’. தலைப்பு: ‘கவியரசர் கண்ணதாசன் பாடல்களில் விஞ்சி நிற்பது காதலா, தத்துவமா?’ திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் என்று மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் இந்தத் தலைப்போ இதன் அண்ணன் தம்பியோ சுவரில் ஒட்டியிருக்கும். பழைய பாடல்களா, புதிய பாடல்களா? கண்ணதாசனா, வாலியா? வரியா, மெட்டா?

சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சண்டை போடுவது எல்லா ஊரிலும் உண்டு. இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் 1952-ல் அமீன் சயானி தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ வாரா வாரம் பாட்டுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, ஒரு தலைமுறையையே ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. ஆனால் அதே சண்டைக்கு ஒரு மேடை போட்டு, நடுவில் நடுவரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேரை நிறுத்தி, நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணியும் வைத்து, கடைசியில் தீர்ப்பும் சொல்லும் ஏற்பாடு நம் பக்கத்துச் சரக்கு. அது எப்படி வந்தது?

பட்டிமன்றத்தின் வயதைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இழுப்பது மேடை வழக்கம். இரண்டிலும் பட்டிமண்டபம் வருகிறது, உண்மைதான். அந்தப் புகார் நகரத்து மண்டபத்துக்கும் நம் ஊர் மைக்செட்டுக்கும் நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம். இன்று நாம் பார்க்கும் பட்டிமன்றத்துக்குத் தொட்டில் காரைக்குடி. சா. கணேசன் 1939-ல் அங்கே தொடங்கிய கம்பன் விழாவும் அதைப் பார்த்து ஊர் ஊராக எழுந்த கம்பன் கழகங்களும்தான் இந்த வடிவத்தை வளர்த்தன. பரதனா இலக்குவனா, கண்ணகியா மாதவியா என்ற மாதிரித் தலைப்புகள். பேசியவர்கள் பேராசிரியர்கள், புலவர்கள், வழக்கறிஞர்கள். குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்தால் கூட்டம் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடும். சபை பெரிது, பேச்சு செந்தமிழ், மேற்கோள் கம்பன். சினிமாவுக்கு அங்கே வேலை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் இந்த மேடைகளைப் பிடித்துக்கொள்ளப்போகும் மனிதர் அந்தக் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். முத்தையாவாக 1927-ல் பிறந்து, கண்ணதாசனாகி, 1949-ல் ‘கன்னியின் காதலி’யில் பாட்டெழுதத் தொடங்கியவர்.

மதுரையில் அப்போது வேறொரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நோட்டீஸ் கிடையாது. இடம் டீக்கடை, சலூன், ஆலை வாசல். அதற்கு ஆவணம் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் நாலைந்து தாள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம், கதை சூடு பிடிக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. பிறகு பாட்டுகள். பழைய படங்களின் புத்தகம் வேண்டுமென்றால் அந்நாளில் புதுமண்டபத்துக் கடைகளில் துழாவலாம். அந்தப் புத்தகத்தில் பாட்டெழுதியவர் பேரும் இருந்தது. மெட்டுப் போட்டவர், பாடியவர், எழுதியவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாக வைத்துச் சண்டை போட ரசிகனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மட்டமான காகிதம்தான் என்று நான் நம்புகிறேன். மிச்சத்தை இலங்கை வானொலி செய்தது. மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கிவைத்திருந்த 1950-களில் ஊரே இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. படம் இன்னது, பாடியவர் இன்னார் என்று அறிவிப்பாளர் அழகாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்.

மதுரைக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. பாடகர் டி.எம். சௌந்தரராஜன் இந்த ஊர்க்காரர். சௌராஷ்டிரக் குடும்பத்தில் 1922-ல் பிறந்தவர். 1956-ல் வந்த ‘மதுரை வீர’னுக்கு வசனம் எழுதியவர் கண்ணதாசன். அதற்கு முன்பே 1952-ல் மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தபோது முதலில் ஓடிய ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் நீதிபதியாக வந்து உட்கார்ந்தவரும் அவரே. பிற்காலத்தில் தன் பாட்டுக்கு ஆயிரம் பேர் தீர்ப்புச் சொல்லப்போவது தெரிந்துதான் முதலில் தானே ஏறிப் பார்த்தாரோ என்னவோ.

கம்பன் மேடையும் டீக்கடையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தும் வெகுகாலம் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த சுவரில் முதல் ஓட்டை போட்டவர் சாலமன் பாப்பையா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர், 1936-ல் பிறந்தவர். அவர் செய்த காரியம் தலைப்பை மாற்றியதைவிடப் பேச்சை மாற்றியதுதான். அடுக்குமொழியை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் பேசுகிற மதுரைத் தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார். நடுவர் என்பவர் கடைசியில் எழுந்து தீர்ப்பு வாசிக்கும் ஆள் என்பது போய், ஒவ்வொரு பேச்சாளருக்கு நடுவிலும் புகுந்து கிண்டல் செய்து, எதிரணியைக் கிளப்பிவிடும் ஆள் ஆனார். கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் கூடினார்கள். குடும்பத்தில் பெரியவர் மாமியாரா மருமகளா என்று தலைப்பு இறங்கி வந்தது. அந்த அளவு இறங்கிய மேடையில் பாட்டு ஏற எவ்வளவு நேரமாகும்?

பாட்டும் வாதமும் இந்த மண்ணில் புதிதாகச் சந்தித்துக்கொள்ளவும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகங்களுக்கு மதுரைதான் தலைநகரம். ‘வள்ளி திருமணம்’ போட்டால் நடுராத்திரிக்கு மேல் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும். எழுதிவைத்த வசனம் அதில் கொஞ்சம்தான். ஒருவர் கேள்வியைப் பாட்டாகத் தொடுப்பார், மற்றவர் அங்கேயே பதில் கட்டிப் பாடவேண்டும், ஆர்மோனியக்காரர் இரண்டு பேரையும் தாங்கிப் பிடிக்கவேண்டும். வள்ளியாக வருகிறவருக்கு வாய் பத்தாது என்றால் அடுத்த வருடம் அந்த ஊரில் அழைப்பு இல்லை. தஞ்சைப் பக்கம் போனால் லாவணி. காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, இரண்டும் பாட்டிலேயே மோதிக்கொள்ளும். பாட்டு கலந்தால் பட்டிமன்றம் கெட்டுவிடும் என்று பிற்காலத்தில் முகம் சுளித்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். கிராமத்து மேடையில் ஒன்றாகவே இருந்த இரண்டில் பாட்டை மட்டும் கழற்றி வெளியே வைத்தது கம்பன் கழகத்துச் சபைதான்.

அது திரும்பி வர ஒரு சாவு தேவைப்பட்டது. 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் கண்ணதாசன் இறந்தார். ஏறக்குறைய ஐயாயிரம் திரைப்பாடல் என்று சொல்வார்கள். எழுதிக்கொண்டிருக்கும் கவிஞரை வரிசைப்படுத்த முடியாது. இந்தப் படத்தில் கோட்டைவிட்டால் அடுத்த படத்தில் பிடித்துவிடுவார். கணக்கு முடிந்த பிறகுதான் எது முதல், எது இரண்டாவது என்று உட்கார்ந்து பேச முடியும். அதற்குள் 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்து இளையராஜா கோலோச்சத் தொடங்கிவிட்டார். அவர் ஊர் பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம். ‘பழசு’, ‘புதுசு’ என்று இரண்டு அணி தானாகவே பிரிந்து நின்றது, இரண்டுக்கும் நம் பக்கத்து ஆள் தலைவர். குடும்பத்துக்குள்ளேயே கோடு விழுந்ததையும் சொல்லவேண்டும். ‘அன்னக்கிளி’க்குப் பாட்டெழுதிய பஞ்சு அருணாசலம் கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரிடமே உதவியாளராக இருந்தவர்.

இந்த இரண்டு அணியையும் மேடையேற்றியவர் யார் என்று கேட்டால் ஊர் சொல்லும் பெயர் திண்டுக்கல் ஐ. லியோனி. பள்ளி ஆசிரியர். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம்தான். அவருக்கு முன்னால் எந்த மேடையிலும் யாரும் சினிமாப் பாட்டை இழுக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பாட்டையே தலைப்பாக்கி, பேச்சாளர்களைப் பாடவும் வைத்து, அதைத் தனி வகையாக நிலைநிறுத்தியவர் அவர்தான். 1990-களில் அந்தப் பட்டிமன்றங்கள் கேசட்டாக வந்தன. கல்யாண வீட்டுக் குழாயில், டீக்கடையில், இரவு பஸ்ஸில் அவர் குரல். பாட்டைப் பற்றிய பேச்சு பாட்டைப் போலவே ஒலிபெருக்கியில் ஓடியது அப்போதுதான். ‘வாத்தியார்’ என்ற அடையாளம் அவரைவிட்டுப் போகவில்லை. 2021-ல் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

அந்த உத்தியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். பழைய அணிப் பேச்சாளர் எழுகிறார். முதலில் புதுப் பாட்டு ஒன்றை எடுப்பார். மெட்டை உருவிவிடுவார். வெறும் வரியைத் தாலுகா ஆபீஸ் அறிவிப்பு மாதிரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். மூன்றாவது வரிக்குள் கூட்டம் புரண்டு சிரிக்கும். உடனே, சிரிப்பு அடங்குவதற்குள், கண்ணதாசன் பாட்டு ஒன்றை மெட்டோடு, முழுக் குரலில் எடுப்பார். பின்வரிசையில் நிற்கிற பெரியவர்கள் கூடவே முணுமுணுப்பார்கள். வாதம் முடிந்தது.

யோசித்துப் பார்த்தால் இது பச்சை மோசடி. ஒன்றுக்கு மெட்டைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றுக்கு மெட்டைக் கொடுத்துவிட்டு இரண்டையும் தராசில் வைக்கிறார். புதிய அணியில் கெட்டிக்காரர் இருந்தால் அதே கத்தியைத் திருப்புவார். நாற்பது தாண்டிய கதாநாயகர் கல்லூரி மாணவராக வந்து பாடிய பழைய காதல் பாட்டு ஒன்றை அதேபோல் வாசித்துக்காட்டுவார், பாடும்போது அவர் மரத்தை எப்படிச் சுற்றினார் என்பதையும் செய்துகாட்டுவார். கைதட்டல் இடம் மாறும். இந்த விளையாட்டில் அந்த ராத்திரி யார் ஜெயித்தாலும் கூட்டத்துக்கு ஒரு பாடம் கிடைத்துவிடும், வரி வேறு, மெட்டு வேறு என்று. பல்கலைக்கழக வகுப்பில் சொல்லவேண்டியதைப் பொட்டலில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி கற்றுக்கொண்டார்கள்.

கண்ணதாசனுக்குள்ளேயே அணி பிரிப்பது இன்னும் சுவாரஸ்யம். காதல் அணிக்கு ‘காதலிக்க நேரமில்லை’ போதும். தத்துவ அணி ‘பாதகாணிக்கை’யில் வரும் மரணப் பாட்டை எடுக்கும். எதிரணி சும்மா விடாது, “அது பட்டினத்தார் சரக்கு, நடுவர் அவர்களே, உங்க ஆளோடது இல்லை” என்று குறுக்கே விழும். இதற்குத் தத்துவ அணியிடம் ஒரு பழகிய பதில் உண்டு. பட்டினத்தாரை எத்தனை பேர் படித்தான், இந்தப் பாட்டை எத்தனை பேர் பாடினான்? நாத்திகம் பேசிய கண்ணதாசன் ஒரு பக்கம், ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதிய கண்ணதாசன் ஒரு பக்கம். ‘இரத்தத் திலக’த்தில் கையில் கோப்பையோடு தானே வந்து நின்றவர் வேறு. எந்த அணிக்குப் போனாலும் அவரிடம் சாட்சி கிடைக்கும். இத்தனை வருடமாக இந்தத் தலைப்பு தேயாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாலி அணியில் உட்காருகிறவருக்குத்தான் சிரமம். வாலி எழுதியதையே ஊர் கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடும். 1963-ல் வந்த ‘கற்பகம்’, அடுத்த வருடம் ‘படகோட்டி’, இரண்டிலும் எல்லாப் பாட்டும் வாலி. இன்றைக்கும் கண்ணதாசன் பட்டியலில் இவற்றிலிருந்து ஒன்றாவது நுழைந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு வாலி அணி ஆரவாரம் செய்யும்போது கண்ணதாசன் அணி கடைசி ஆயுதத்தை எடுக்கும். வாய்ப்பில்லாமல் சோர்ந்து சென்னையைவிட்டுக் கிளம்பவிருந்த வாலியை, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டிய ‘சுமைதாங்கி’ பாட்டு ஒன்று நிறுத்திவைத்தது. வாலியே பலமுறை சொன்ன செய்தி. எழுதியவர் கண்ணதாசன். “உங்க ஆளு சினிமாவுல நின்னதே எங்க ஆளு பாட்டக் கேட்டுத்தான்யா!” இதற்குப் பிறகு வாலி அணிக்குத் தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை அதிகம் பேசுவது வேறு மேடை. 1975-ல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளில் அவர் கொடி பறக்கும். 29 வயதில் போய்விட்டவர், எழுதியதும் குறைவு. எண்ணிக்கை பேசுகிறவர்களுக்கு அவர் அகப்பட மாட்டார், வீச்சு பேசுகிறவர்களுக்கு அவரைத் தாண்ட முடியாது.

சன் டிவி 1993-ல் வந்த பிறகு பட்டிமன்றம் தீபாவளிப் பலகாரத்தோடு சேர்ந்துகொண்டது. பாப்பையாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொலைக்காட்சியில் நேரம் சுருங்கியதால் பாட்டு இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. கிராமத்து மேடையில்தான் இன்னும் முழுப் பல்லவி, சில குழுக்களில் கீபோர்டும் தபலாவும் உண்டு. இப்போது இளையராஜாவே ‘பழசு’ பக்கம் உட்கார்ந்துவிட்டார், ‘புதுசு’ பக்கம் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் ‘மூன்றாம் பிறை’யில் வரும் தாலாட்டு. அவர் இறந்த பிறகு 1982-ல் படம் வந்தது. மெட்டு இளையராஜா, குரல் யேசுதாஸ். பழைய அணி, எழுதியவர் எங்கள் ஆள் என்று பத்திரத்தை நீட்டும். புதிய அணி, மெட்டும் காலமும் எங்களுடையது என்று பட்டாவைக் காட்டும். இரண்டு அணியும் அதே பாட்டை அதே சுருதியில் பாடிக்காட்டும். விவரம் தெரிந்த நடுவர், அந்தப் பாட்டை யாராவது எடுத்ததுமே மணியை அடித்துவிடுவார்.