ஃபைல் பெயரை மாற்றினாலும் 'ஹாஷ்' காட்டிக்கொடுப்பது எப்படி?

புதுச்சேரியில் ஒரு வழக்கில் லேப்டாப் பறிமுதல் செய்யப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் லட்சக்கணக்கான ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியுமா? முடியாது. அங்கேதான் கைகொடுக்கிறது 'ஹாஷ் வேல்யூ'.

ஹாஷ் என்றால் என்ன?

ஃபைலோட கைரேகைன்னு சொல்லலாம். ஃபைலுக்குள் இருக்கும் மொத்தத் தகவலையும் வைத்து கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் குறியீடு இது. 'எஸ்.ஹெச்.ஏ-256' முறையில் 64 இலக்கங்கள் இருக்கும். ஃபைல் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மொத்தமாக மாறிவிடும்.

தெரிந்த ஃபைல்களை எப்படிக் கழிக்கிறார்கள்?

ஒரு மென்பொருளின் ஒரே பதிப்பை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் அதன் புரோகிராம் ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ்தான். அமெரிக்க அரசின் 'நிஸ்ட்' அமைப்பு இப்படிப்பட்ட ஹாஷ்களைத் திரட்டி, இலவசப் பட்டியலாக வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டு, தெரிந்த ஃபைல்களைக் கழித்துவிட்டு மீதியை ஆராய்ந்தால் போதும். ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே ஒரு ஃபைல் நல்லது என்று அர்த்தமில்லை. ஹேக்கிங் கருவிகளும் அதில் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் புதுச்சேரிக்கும் பொருந்தும். பிரிவு 63-ன்படி டிஜிட்டல் ஆதாரத்துடன் தரும் சான்றிதழில் ஹாஷையும், எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆதாரம் தருபவர் ஒரு பகுதியையும், நிபுணர் இன்னொரு பகுதியையும் பூர்த்தி செய்ய வேண்டும்.

பறிமுதலின்போது எடுத்த ஹாஷும், பிறகு எடுக்கும் ஹாஷும் ஒன்றாக இருந்தால் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். அதற்கு முன்பு அந்த ஃபைலை யார் போட்டார்கள் என்பதை ஹாஷ் சொல்லாது.

எல்லா முறையும் நம்பகமானதா?

இல்லை. 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப்-களுக்கு ஒரே எஸ்.ஹெச்.ஏ-1 ஹாஷ் வரவைத்துக் காட்டினார்கள். பழைய 'எம்.டி-5' முறை அதற்கு முன்பே உடைக்கப்பட்டது. சான்றிதழ் படிவத்தில் இந்த இரண்டு முறைகளும் இன்னும் இருக்கின்றன. எஸ்.ஹெச்.ஏ-256 இதுவரை உடையவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது

* ஆதாரமாகக் கொடுக்க வேண்டிய வீடியோவை எடுத்த போனிலேயே அழிக்காமல் வைங்க. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருக்கப்படும், ஹாஷும் மாறிவிடும்.
* உங்கள் போனோ லேப்டாப்போ பறிமுதலானால், ஹாஷ் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்க.
* ஆன்லைன் பண மோசடி என்றால் உடனே 1930-க்கு அழையுங்க.