ராம்சர் விருது வென்ற ஜெயஸ்ரீ வெங்கடேசன் யார்? மதுரை கண்மாய்களுக்கு அவர் பணி சொல்லும் பாடம் என்ன?

2024 அக்டோபரில் ஒரே நாள் மழை. செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. இதே பிரச்சனையைச் சென்னையில் 20 வருஷத்துக்கும் மேலாக ஆய்வு செய்து வருபவர்தான் ஜெயஸ்ரீ வெங்கடேசன்.

யார் இவர்?

பல்லுயிர் ஆய்வாளர். சூழலியலாளர் ரஞ்சித் டேனியல்ஸுடன் சேர்ந்து 2000-ல் 'கேர் எர்த்' அறக்கட்டளையைத் தொடங்கினார். 2025-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் விருதைப் பெற்றார். 'அறிவார்ந்த பயன்பாடு' பிரிவில் இந்த விருதைப் பெறும் முதல் இந்தியர் இவர்.

பள்ளிக்கரணையில் என்ன செய்தார்?

குப்பை கொட்டும் இடமாகவே பலரும் பார்த்த சதுப்பு நிலம் அது. அங்கே என்னென்ன செடி, பறவை, மீன் இருக்கு, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகுதுன்னு இவரது குழு கணக்கெடுத்தது. அதன் ஒரு பகுதி, 317 ஹெக்டேர், 2007-ல் காப்புக்காடானது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

செடிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கரையோரக் கோரையும் நாணலும் வண்டலைப் பிடித்து வைக்கும், கழிவில் உள்ள சத்துகளை உறிஞ்சும். மீன் குஞ்சுக்கும் பறவைக்கும் அதுதான் மறைவிடம். ஆனால், ஆகாயத்தாமரை தண்ணீரையே மூடிவிடும். வெயிலும் காற்றும் உள்ளே போகாது, மீன் செத்துப்போகும். எதை அகற்றணும், எதை விடணும்னு தெரியாமல் மொத்தமாக வழித்தெடுத்தால் கண்மாய் வெறும் தொட்டியாகிவிடும்.

மதுரைக்கு என்ன பாடம்?

நம்ம கண்மாய்கள் சங்கிலி மாதிரி. ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும். நடுவில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும். உலகனேரி கண்மாய் இருந்த இடத்தில் இப்போது உயர் நீதிமன்றக் கிளையே நிற்கிறது. அதனால் மிச்சம் இருக்கும் கண்மாய்களாவது முக்கியம். கரையில் நடைபாதை போட்டால் மட்டும் அது சீரமைப்பு ஆகிவிடாது. வரத்துக்கால், மறுகால் இரண்டும் திறந்திருக்கணும். ஆழம் குறைந்த ஓரங்களைச் செடிகளுக்கு விட்டு வைக்கணும்.

அடுத்த முறை உங்க ஊர் கண்மாயில் வேலை நடந்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்க: 'மறுகால் தண்ணீர் எந்த வழியாப் போகும்?'