சிவப்பு லைட்டும் ஒரு முள்ளும்

பொட்டி தட்டுற பொழப்புக்கு நடுவுல இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு. அதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நமக்கு ஊர் ஆவுடையார்கோவில். குதிரை வாங்கச் சொல்லி ராஜா கொடுத்த காசுல மாணிக்கவாசகர் கோயில் கட்டினார்ன்னு சொல்லுவாங்களே, அதே ஊர்தான். அந்த ராசியோ என்னமோ, எங்க வீட்டுல புது வண்டிக்குக் காசு சேர்ந்ததே இல்லை. பழைய பிரீமியர் பத்மினிதான் ஓடுது. அப்பாவுக்கு அது இன்னிக்கும் 'ஃபியட்டு'. அதுவும் தப்பில்லை. இத்தாலியோட ஃபியட் 1100டி மாடலைத்தான் பம்பாய் குர்லாவுல செஞ்சு வித்தாங்க. பத்மினிங்கிற பேர் 1974ல வந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மழை. ராத்திரி பத்தரை மணிக்கு அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். அறந்தாங்கி பக்கம்தானே, நாமளே போயிடலாம்னு அப்பா வண்டியை எடுத்தார். பாதி வழியில ஹெட்லைட் மஞ்சளாச்சு. வைப்பர் நொண்ட ஆரம்பிச்சுது. அப்புறம் ரெண்டு இருமல், இஞ்சின் நின்னே போச்சு. ஹாரன்கூட அடிக்கலை. பின் சீட்டுல அப்பத்தா இழுத்து இழுத்து மூச்சு விடுற சத்தம் மட்டும்தான் கேட்டுது.

மீமிசல் பக்கமிருந்து வந்த மீன் வண்டிக்காரர் நிறுத்தலைன்னா இந்தப் பதிவை எழுதற மனநிலையில நான் இருந்திருக்க மாட்டேன். அப்பத்தா பிழைச்சுக்கிட்டாங்க. "மீன் வாடை பட்டதுமே மூச்சு வந்துருச்சுடா அப்பு"ன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

அப்பாதான் சிரிக்கலை. "சிவப்பு லைட்டு எரியவே இல்லையேப்பா"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தார்.

மறுநாள் எலக்ட்ரீசியன் கழட்டிப் பார்த்தார். டைனமோவுல கார்பன் தேஞ்சு சார்ஜே ஏறலை. எச்சரிக்க வேண்டிய சிவப்பு பல்பு எப்பவோ ஃபியூஸ் போயிருக்கு. எங்களுக்கு அது 'எல்லாம் நல்லாருக்கு'ன்னு தெரிஞ்சிருக்கு!

சரி, மேட்டருக்கு வருவோம். முள்ளை எடுத்துட்டு பல்பை வெச்சது யாரு, எதுக்கு?

1820ல டென்மார்க்ல ஓர்ஸ்டெட், கம்பியில மின்சாரம் ஓடினா பக்கத்துல இருக்கிற காந்த ஊசி திரும்புதுன்னு கண்டுபிடிச்சார். பிளஸ் டூ லேப்ல டேன்ஜென்ட் கால்வனோமீட்டரோட மல்லுக்கட்டினோமே, அதுக்கெல்லாம் மூலம் இதுதான். 1880கள்ல தார்சோன்வாலும் வெஸ்டனும் காந்தத்துக்கு நடுவுல கம்பிச்சுருளைத் திருப்பி, நம்பகமான மீட்டருக்கு வழி போட்டாங்க.

அப்போ காருக்கு இதெல்லாம் தேவைப்படலை. கைப்பிடியைச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். 1912 காடிலாக்ல கெட்டரிங்கோட செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் கதை மாறிச்சு. பேட்டரி இல்லாம வண்டி நகராதுன்னு ஆனதும், 'பேட்டரிக்கு உள்ள போகுதா, வெளியே போகுதா?'ங்கிற கேள்வி பெருசாச்சு. ஃபோர்டு மாடல் டி காருக்கு 1919ல செல்ஃப் வந்தப்ப, டாஷ்போர்டுல அவங்க வெச்ச ஒரே மீட்டர் ஆம்பியர் மீட்டர்தான். பெட்ரோலுக்கோ ஸ்பீடுக்கோ முள் கிடையாது. மின்சாரத்துக்கு இருந்தது!

1930கள்ல அமெரிக்காவோட ஹட்சன் கம்பெனி மீட்டருக்குப் பதிலா சிவப்பு பல்பு வெச்சுது. செலவு கம்மி, படிக்கவும் சுலபம். அந்த ஊர்ல அதுக்கு 'இடியட் லைட்'ன்னே பட்டப்பேர். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு பல்பு, அவ்வளவுதான் சமாச்சாரம். ரெண்டு பக்கமும் வோல்டேஜ் சமமா இருந்தா அணையும். அழகான யோசனை. ஆனா பல்பே செத்தாலும் அணைஞ்சுதான் இருக்கும்.

ஆம்பியர் மீட்டருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போறதைத் தவிர, வண்டியோட கரண்ட் டாஷ்போர்டு வரைக்கும் வந்து, அது வழியா போய்த்தான் திரும்பணும். டைனமோ காலத்துல 20 ஆம்பியர் பக்கம், சமாளிச்சாங்க. 1960ல கிரைஸ்லர் தன்னோட வேலியன்ட்ல ஆல்டர்னேட்டரை வெச்சது. சிலிக்கான் டயோடு புண்ணியத்துல மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. கரண்ட் ஏற ஏற, தளர்ந்த ஒரு நட்டு போதும், டாஷ்போர்டே புகையும். மெல்ல ஆம்பியர் மீட்டர் போய் வோல்ட் மீட்டர் வந்தது.

இந்தக் கதையெல்லாம் படிக்காமலே எங்க எலக்ட்ரீசியன் ஒரே வரியில சொன்னார்: "ஆம்பியர் மீட்டர் வேணாம் தம்பி. வோல்ட் மீட்டர் போடுங்க, அது சும்மா பாத்துக்கிட்டுதான் இருக்கும்."

போட்டோம். பத்மினியோட தகர டாஷ்போர்டை ஓட்டை போட அப்பா விடலை. அடியில ஒரு கிளாம்புல மாட்டினோம். சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற இடத்துலேர்ந்து ஒரு ஆம்பியர் ஃபியூஸோட ஒரு மெல்லிசு வயர், பாடியில ஒரு எர்த். அரை மணி நேர வேலை. சிவப்பு பல்பையும் மாத்தினோம்.

இஞ்சின் நின்னிருக்கும்போது 12.6. ஓடும்போது 14 பக்கம். டைனமோங்கிறதால ரயில்வே கேட்டுல ஐட்லிங்ல நின்னா 12க்கு இறங்கும், ஆக்சிலேட்டரை மிதிச்சா ஏறும். அன்னிக்கு இந்த முள் இருந்திருந்தா, ஹெட்லைட் மங்குறதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே சொல்லியிருக்கும்.

ஆபீஸ்ல சர்வர் கண்காணிக்கிறதும் இதே கதைதான். அலர்ட் வரலைன்னா எல்லாம் ஓடுதுன்னு அர்த்தமில்லை. அலர்ட் அனுப்புற புரோகிராமே படுத்திருக்கலாம். இதைச் சொல்லியே சம்பளம் வாங்குற நான், சொந்த வண்டியில கோட்டை விட்டேன்.

இப்பல்லாம் அப்பத்தா வண்டியில ஏறினதும் முதல் கேள்வி: "அப்பு, முள்ளு எங்க நிக்குது?"

டிஸ்கி: மீட்டர் மாட்டாட்டியும் பரவாயில்லை. நாளைக்குக் காலையில சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த பேட்டரி லைட் எரியுதான்னு ஒரு தடவை பாருங்க. எரிஞ்சாத்தான் அது உசுரோட இருக்கு :-)