குளுக்கோஸ் தண்ணி வந்த கதை

கூட்டமைப்பு மலரில் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை கொடுக்கணும்னு கூட்டத்தில் சொன்னாங்க. 1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி குழுக்கள் உருவாச்சு. அந்த வரலாற்றை மூத்த அக்காக்கள் எழுதுறாங்க. பத்தாவது வரைக்கும் படிச்ச நான், நம்ம எல்லார் வயித்தையும் தொட்ட வேறொரு வரலாற்றை எழுதுறேன். கர்ப்பமா இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்லி ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறாங்களே, அது எப்படி வந்ததுங்கிற கதை.

முதல்ல எங்க வீட்டுக் கதை. எனக்குப் பிறகு எங்க அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை உண்டானது. நிறைமாசத்தில் வயித்துக்குள்ளேயே அசைவு நின்னுபோச்சு. மருத்துவச்சி பாட்டி எடுத்துப் பார்த்தா, ரெண்டு மாசத்துப் பிள்ளை மாதிரி பெருசா இருந்துச்சாம். கண்ணு பட்டுடுச்சுன்னு ஊர் சொன்னது. அம்மா கிரகணத்தில் வெளியே வந்தாள்னு எங்க அப்பத்தா சொன்னாங்க. காரணம் என்னன்னு இன்னைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அம்மாவுக்கு 46 வயசுல சுகர் இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு அந்தத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

சர்க்கரை நோய் புதுசு இல்லை. பழைய வைத்தியர்கள் இதை மதுமேகம் என்று சொன்னார்கள். மது என்றால் தேன். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை அடையாளமாக வைத்தார்கள். கண்டுபிடிக்கத் தெரிந்தது, ஆனால் காப்பாற்ற வழி இல்லை. 1921-ல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருஷம் 14 வயசுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதுக்கு முன்னாடி சர்க்கரை உள்ள பெண் கர்ப்பம் ஆவதே அபூர்வம், ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம்.

ஏற்கெனவே சர்க்கரை இருக்கிற பெண் கர்ப்பம் ஆவது ஒன்று. இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தில் வருவது இன்னொன்று. நஞ்சுக்கொடியில் சுரக்கிற சில சுரப்புகள் தாயின் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. பெரும்பாலான பெண்களுக்கு உடம்பு கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிச்சுடும். சிலருக்கு முடியாது, ரத்தத்தில் சர்க்கரை ஏறிடும். இதில் வேடிக்கை என்னன்னா, அம்மாவின் சர்க்கரை கொடி வழியா குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால குழந்தை தன் கணையத்தில் தானே இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும். அதில்தான் குழந்தை பெருத்துப்போகுது. கொழு கொழுன்னு இருக்குன்னு நாம சந்தோஷப்படுறோம். பிறந்து கொடியை வெட்டினதும் சர்க்கரை வரத்து நின்னுடும், ஆனா இன்சுலின் அப்படியே இருக்கும். அப்போ குழந்தைக்குச் சர்க்கரை திடீர்னு இறங்கிடும்.

முன்னே இதைப் பார்க்க சிறுநீர்ப் பரிசோதனைதான். நீல மருந்தில் சிறுநீர்ச் சொட்டு விட்டுச் சூடு பண்ணுவாங்க. சர்க்கரை இருந்தா பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு மாறி, அதிகம் இருந்தா செங்கல் நிறம் வரும். மூத்த அக்காக்கள் பார்த்திருப்பீங்க. ஆனா கர்ப்பிணிக்கு இதை நம்ப முடியாது. ரத்தத்தில் சரியா இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை வரலாம், ரத்தத்தில் கூடியிருந்தும் தெரியாமப் போகலாம்.

1964-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ சல்லிவன் என்ற டாக்டர் கர்ப்பிணிகளுக்கான ரத்த அளவுகளை வகுத்தார். 752 பெண்களைச் சோதித்து வகுத்த அளவு அது. வெறும் வயித்தில் வரணும், 100 கிராம் குளுக்கோஸ் குடிக்கணும், நாலு தடவை ரத்தம் கொடுக்கணும். இந்தப் பெண்களில் யாருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் என்பதுதான் அவர் பார்த்த கணக்கு. குழந்தையைப் பற்றிய கணக்கு பிறகுதான் சேர்ந்தது.

வெறும் வயித்தில் வரணும்கிற அந்த ஒரு வரியில்தான் நான் மாட்டினேன். 2010-ல் முதல் பிள்ளை வயித்தில். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திட்டு காலையில் வான்னு சொன்னாங்க. எங்க ஊருக்கு முதல் பஸ் ஏழு மணிக்கு. இறங்கி நடந்து சீட்டு வாங்கி உட்கார பத்து மணி ஆச்சு. தலை சுத்தி கண்ணு இருட்டி, பக்கத்தில் இருந்த அம்மா கொடுத்த பன்னைத் தின்னுட்டேன். சாப்பிட்டியா, இன்னொரு நாள் வான்னு அனுப்பிட்டாங்க. மறுபடியும் பஸ் காசு, ஒரு நாள் கூலி, அத்தையோட முகம். நான் போகலை. பையன் 4 கிலோ 100 கிராம் எடையில் பிறந்தான். வீட்டுக்காரர் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்னைக்கு சாயங்காலமே குழந்தைக்குக் கை கால் நடுங்கிச்சு. சுகர் இறங்கிடுச்சுன்னு மூணு நாள் கண்ணாடிப் பெட்டியில் வச்சாங்க. நல்லவேளை, பிழைச்சான்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னன்னா, என் மாதிரி பெண்களை நினைச்சு ஒரு முறை அதுக்கு முன்னாடியே வந்திருந்தது. டாக்டர் வி. சேஷய்யா 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்குத் தனித் துறை ஆரம்பித்தவர். தூரத்திலிருந்து வரும் கர்ப்பிணி பசியோடு வரமாட்டாள், திரும்பி வான்னு அனுப்பினால் பல பேர் வரவே மாட்டார்கள் என்பதை அவர் குழுவினர் கணக்கில் எடுத்தார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில் கலந்து குடிக்க வேண்டியது, ரெண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம். 140 அல்லது அதுக்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை, சைதாப்பேட்டை, திருவள்ளூர் கிராமப்பகுதி என்று மொத்தம் 12,056 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். நகரத்தில் 17.8 சதவீதம், சைதாப்பேட்டையில் 13.8, கிராமத்தில் 9.9. களி தின்னு கழனியில் வேலை செய்யற நமக்கெல்லாம் வராதுன்னு பேசுறோமே, கிராமத்திலும் பத்துப் பேரில் ஒருத்திக்கு இருந்திருக்கு.

2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பார்க்க உத்தரவு போட்டது. 2014-ல் மத்திய அரசும் இதே முறையை நாடு முழுக்க வழிகாட்டுதலாக வெளியிட்டது. டாக்டர் சேஷய்யா பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். வெறும் வயித்தில் பார்த்தாத்தான் துல்லியம், இதில் சிலர் தப்பிவிடுவார்கள் என்று சொல்லும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கலாம். பஸ் ஏறாத பெண்ணுக்குத் துல்லியத்தால் என்ன பிரயோஜனம்னு எனக்குத் தோணுது.

2015-ல் ரெண்டாவது பிள்ளைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனேன். முதல் தடவை பார்த்தப்போ 118. ஏழாம் மாசம் வளைகாப்பு. புளி சோறு, எலுமிச்சை சோறு, தேங்காய் சோறு, தயிர் சோறு, சர்க்கரைப் பொங்கல். வந்தவங்க எல்லாரும் ஒரு வாய் ஊட்டினாங்க. பாருங்க, 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்க்கணும்கிறது வழிகாட்டுதல். நம்ம வளைகாப்பும் அதே சமயத்தில்தான் வருது. அடுத்த வாரம் போனப்போ 164. வளைகாப்புச் சோத்தால்தான் ஏறிச்சுன்னு நான் சொன்னதுக்கு நர்சம்மா சிரிச்சாங்க. போன வாரம் தின்னது இன்னைக்கு நிக்காது, இது கொடி செய்யற வேலைன்னாங்க.

ரெண்டு வாரம் சாப்பாட்டில் கட்டுப்பாடு. பட்டினி கிடக்கச் சொல்லலை. மூணு வேளையைப் பிரிச்சு ஆறு வேளையா, சோத்தைக் குறைச்சு பயறு, கீரை, முட்டை சேர்த்துச் சாப்பிடச் சொன்னாங்க. ராகி களிகூட உருண்டை அளவா. களி எவ்வளவு தின்னாலும் ஏறாதுன்னு நினைச்சிருந்தேன், அது தப்பு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 120-க்குக் கீழே வரணும், எனக்கு 138. இன்சுலின் போடணும்னு சொன்னதும் அத்தை அழுதுட்டாங்க. ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாதுன்னு தெருவே சொல்லிச்சு. எங்க குழுத் தலைவி அக்காதான் வீட்டுக்கு வந்து, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் நிறுத்திடுவாங்கன்னு அத்தைகிட்ட எடுத்துச் சொன்னாங்க. முதல் வாரம் அவங்களே கூட வந்தாங்க. பொண்ணு 3 கிலோ 50 கிராம். கொடி விழுந்த மறுநாளே ஊசியை நிறுத்திட்டாங்க.

இதில் நான் செஞ்ச தப்பையும் எழுதணும். பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் மறுபடி அந்தத் தண்ணியைக் குடிச்சுப் பார்க்கச் சொல்லி அட்டையில் எழுதியிருந்தாங்க. நான் போகலை. பிள்ளை நல்லா இருக்கு, எனக்கென்னன்னு இருந்துட்டேன். ஓ சல்லிவன் பார்த்த கணக்கே அதுதான்னு இப்பத்தான் புரியுது. கர்ப்பத்தில் வந்துபோனவளுக்குப் பின்னாடி நிரந்தரமா வர வாய்ப்பு அதிகம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான். எங்க தெருவுக்கு வர்றவங்க எங்க குழுவில் சந்தா கட்டுறவங்க. போன வருஷம் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பார்த்துட்டு, நீயும் விரலை நீட்டு புள்ளைன்னாங்க. எனக்கு 172. அன்னையிலிருந்து மாத்திரை. மாசத்துக்கு ஒரு நாள் நானும் அம்மாவும் சேர்ந்தே விரலை நீட்டுறோம்.