மணியின் துளை



நான் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்த நாளில், சிந்துவெளி நாகரிகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் போதெல்லாம் ஒரு சிவந்த கல்மணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குச் செல்வது வழக்கம். அது பழம்பொருள் அன்று. கடையில் விலைக்கு வாங்கியதுதான். அதை மாணவர் கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். மாலை வானத்தின் நிறம் அதனுள் தெரியும். நடுவே, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை ஓடும்.

ஒரு நாள் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்று, "ஐயா, சிந்துவெளி மக்களுக்கு இரும்பு தெரியாது என்றீர்கள். செம்போ மெத்தென்ற உலோகம். அப்படியானால் இந்தத் துளையை எதனால் போட்டார்கள்?" என்று கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். எனக்கு விடை கிடைப்பதற்குள் அவன் பள்ளிப் படிப்பையே முடித்துச் சென்றுவிட்டான். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கல்லை நம் பழைய வழக்கில் சூதுபவளம் என்பர். பவளம் என்று பெயர் இருந்தாலும் கடலில் பிறக்கும் பவளத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது அகேட் என்னும் கல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிசிலித் தீவில் ஓடிய அகாடிஸ் என்ற ஆற்றின் பெயரால் கிரேக்கர் இக்கல்லைக் குறித்தனர். நம் குஜராத்தில் அகீக் என்கின்றனர். வரி வரியாக நிறம் மாறி, ஒளியைச் சிறிது உள்ளே விடுவது அகேட். வரியின்றிச் செந்நிறமாக ஒளிர்வது சூதுபவளம். ஒளியையே உள்ளே விடாமல் செங்கல் போலவோ பாசி போலவோ நிறம் காட்டுவது ஜாஸ்பர். மூன்றும் மணற்சத்தாலாகிய கற்களே.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பெருகியது. குழம்பு இறுகும்போது அதில் அகப்பட்ட ஆவிக் குமிழிகள் வெற்றிடங்களாக நின்றன. பின்னர்ப் பாறையூடே கசிந்த நீர், தான் கரைத்துக் கொண்டுவந்த மணற்சத்தை அவ்வெற்றிடங்களின் சுவரில் படலம் படலமாகப் படிய விட்டது. அப்படலங்களே இன்று நாம் காணும் வரிகள். கருங்கல் பாறை மழையிலும் வெயிலிலும் மக்கிப் போகும். உள்ளே இருக்கும் அகேட் மக்காது. அது உதிர்ந்து, ஆற்றோடு உருண்டு, சரளைப் படுகைகளில் சேரும்.

ஆகவே இக்கல்லைத் தேடுவோர் ஆற்றுப் படுகைக்கே செல்கின்றனர். ஓய்வு பெற்றபின் நண்பர் ஒருவருடன் நருமதைக் கரையில் நானும் ஒரு வாரம் இவ்வேலையைச் செய்தேன். முதல் நாள் முழுதும் வெறுங்கையோடு திரும்பினேன். அகேட் தன் அழகைத் தோலுக்குள் மறைத்து, உருளைக்கிழங்கு போல மங்கலாகக் கிடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் வழி காட்டினான். காலை வெயில் தாழ்ந்திருக்கும்போது சூரியனை எதிர்நோக்கி நடக்க வேண்டும். ஒளியை உள்ளே விடும் கற்கள் தாமாகவே விளக்குப் போல் தெரியும். ஐயமிருந்தால் நீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன், பத்து வயதுப் பையனிடம் பாடம் கேட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வணிகத்துக்கு வேண்டிய கல் இப்படிப் பொறுக்குவதால் மட்டும் கிடைத்துவிடாது. பரூச் மாவட்டத்தில், நருமதைக்குத் தெற்கே, ரத்தன்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிணறு போலக் குழி தோண்டி, அடியில் பக்கவாட்டில் வளை குடைந்து, சரளைப் படுகையிலிருந்து கல் எடுத்து வந்தனர். பக்கத்திலுள்ள லிமோத்ரா என்ற ஊரை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசியரான பார்போசா தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். அங்குள்ள ஒரு குன்றின்மேல் பாபா கோர் என்பவரின் சமாதி இருக்கிறது. அவர் அபிசீனியாவிலிருந்து வந்தவர் என்பதும், அகீக் தொழிலை வளர்த்தவர் என்பதும் வழிவழி வந்த செய்தி. ஆப்பிரிக்க வழியினரான சித்திகள் இன்றும் அவரை வழிபடுகின்றனர். குஜராத்தின் கல்மணி கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றதை எண்ணிப் பார்த்தால், இச்செய்தி பொருத்தமாகவே படுகிறது.

ரத்தன்பூர்க் கல் மணியாவது கம்பாத் நகரில். ஆங்கிலேயர் காம்பே என்று அழைத்தது இதனையே. கல்லை முதலில் மாதக்கணக்கில் வெயிலில் உலர்த்துவர். பிறகு மண்பானைகளில் இட்டு, வரட்டி நெருப்பில் மெதுவாகச் சுட்டு, மெதுவாகவே ஆறவிடுவர். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். கல்லில் உள்ள இரும்புச் சத்து சூட்டினால் மாறுதலடைந்து, மஞ்சளும் பழுப்பும் சிவப்பாகும். கடைகளில் நாம் காணும் செம்மணிகள் பெரும்பாலும் தீயில் சிவந்தவையே.

அடுத்தது செதுக்குதல். கூரிய இரும்பு முனை ஒன்றைத் தரையில் சாய்வாக நட்டிருப்பர். கல்லை அம்முனைமேல் வைத்து, மறுபுறத்தில் எருமைக்கொம்புத் தலை வைத்த சுத்தியால் தட்டுவர். மெல்லிய மூங்கிற் பிடியில் அச்சுத்தி துள்ளும். சுத்தி படும் பக்கம் உடையாது. முனை படும் பக்கத்தில் சில்லு தெறிக்கும்! அதன்பின் சாணை பிடித்தல், துளையிடல், மெருகேற்றல். முன்னாளில் மெருகேற்றுவதற்கு மணிகளையும் பொடியையும் நீரையும் தோற்பையில் கட்டி, எதிரெதிரே அமர்ந்த இருவர் நாட்கணக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார்களாம். இப்போது மின்சார உருளைகள் அவ்வேலையைச் செய்கின்றன.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். இன்றைய கம்பாத் தொழிலாளி, வைரச் சில்லுகள் பதித்த துரப்பணத்தை வில்லின் கயிற்றால் சுழற்றித் துளையிடுகிறான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதுவும் இல்லை. சிந்து மாநிலத்துச் சான்ஹுதாரோவில் 1935-36இல் அகழ்ந்த எர்னஸ்ட் மக்கே, மணி செய்யும் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்தார். துளையிடாத மணி, பாதி துளைத்த மணி, முடிந்த மணி, இவற்றோடு கல்லாலான துரப்பண முனைகளும் அங்கே கிடைத்தன. அவை சூதுபவளத்தையே அரிக்கும் ஒருவகைக் கடுங்கல்லால் ஆனவை. மக்கேயின் நினைவாக அக்கல்லைப் பிற்காலத்தார் எர்னஸ்டைட் என்று அழைத்தனர். கல்லைத் துளைத்தது கல்லே.

கெனோயர், விடாலே, குல்தீப் பான் ஆகிய அறிஞர்கள் கம்பாத்துக் கைவினைஞர்களோடு பழகி, இத்தொழிலை நுணுகி ஆராய்ந்தனர். பழைய முறையில் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டரே துளை இறங்கியது. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் போட்டுப் பாருங்கள். சிந்துவெளியில் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மணிகளும் கிடைத்துள்ளன. அப்படிப்பட்ட ஒரு மணிக்குத் துளையிட மட்டும் 48 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் ஆறு நாட்கள். இருபுறமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வேண்டும். கை சற்றுப் பிசகினால் ஆறு நாள் உழைப்பும் சில்லாகிவிடும். ஊர் என்னும் சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளை 1920களில் உல்லி அகழ்ந்தபோது சூதுபவள மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் சிந்துவெளிக் கைத்திறன் காட்டும் நீண்ட மணிகளும் இருந்தன. அரசியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. துளையிட்டவனின் பெயர் எங்கும் இல்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

கம்பாத்துக்கு அருகிலுள்ள லோத்தலில் எஸ். ஆர். ராவ் 1955 முதல் நடத்திய அகழாய்விலும் இத்தகைய மணிப்பட்டறை வெளிப்பட்டது. பின்னர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல், உஜ்ஜயினியிலிருந்து இவ்வகைக் கற்கள் பரூச் துறைமுகத்துக்கு வந்ததைக் கூறுகிறது. நம் நாட்டிலோ, நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய ஆய்வில், ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பர். கொடுமணலைச் சூழ்ந்த நிலத்தில் பளிங்கும் பச்சைக்கல்லும் உண்டு, சூதுபவளம் இல்லை. அது குஜராத்துப் பக்கமிருந்தே வந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வளவும் பெருமைக்குரிய செய்தி. இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டில் மின்சாரச் சாணைச் சக்கரம் கம்பாத்துக்கு வந்தது. வேலை விரைந்தது, அதனோடு தூசியும் பெருகியது. கண்ணுக்குத் தெரியாத மணற்சத்துத் துகள்கள் மூச்சோடு சென்று நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்னும் இந்நோயை மாற்ற மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். பெரும்பாலோர் வீட்டு முற்றத்திலேயே தொழில் செய்வதால், தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களை எட்டவில்லை. சாணை பிடிப்பவனோடு, அருகில் சமைக்கும் மனைவியும் விளையாடும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நல நிறுவனம் இதனை ஆராய்ந்து, தூசியை உறிஞ்சும் கருவி ஒன்றை வடிவமைத்தது. எல்லா முற்றங்களிலும் அக்கருவி இல்லை.

நான் சென்ற வீட்டிலும் இல்லை. அங்கே ஒரு முதியவர் துளையிட்டுக்கொண்டிருந்தார். வயது என்னுடையதே இருக்கும். இடையிடையே வில்லை நிறுத்தி இருமினார். அவருடைய அண்ணனும் தம்பியும் சாணை பிடித்தவர்கள்; இருவரும் ஐம்பது வயதைக் காணவில்லையாம். தாம் துளையிடும் வேலையிலேயே இருந்ததால் தப்பியதாகச் சொன்னார். துளையிடும்போது நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தூசி எழாது. பேரனைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்குப் போயிருக்கிறான் என்றார். பிறகு, பாதி துளைத்து விரிசல் விட்ட ஒரு மணியை என்னிடம் கொடுத்தார். விலை கேட்டதற்குச் சிரித்தார்.

என் சட்டைப் பையில் இப்போது இருப்பது அந்த மணிதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், துளை பாதி வழி வந்து நிற்பது நன்றாகத் தெரியும்.