செஞ்சிக் கோட்டையும் சுற்றியுள்ள சிற்றூர்களும்

செஞ்சி என்றதும் நம்மவர் நாவில் முதலில் எழும் பெயர் தேசிங்கு. குதிரை ஏறினான், நவாபை எதிர்த்தான், களத்திலே மாண்டான் என்று கதைப்பாட்டும் தெருக்கூத்தும் தலைமுறை தலைமுறையாக முழங்குகின்றன. அவன் ஆண்ட காலம் எவ்வளவு என்று எவரேனும் கேட்டதுண்டா? தந்தை சொரூப்சிங் மறைந்ததும் 1714-இல்; மகன் மாண்டதும் அதே 1714-இல். ஓராண்டும் நிறையாத ஆட்சி! வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதையும் அந்த வீரத்தோடு சேர்த்துப் பாடி, பத்தினித் தெய்வமென்று பட்டமும் சூட்டுகிறார்களே, அதற்குத்தான் வெட்கப்படுகிறோம். உயிருள்ள பெண்ணை எரிப்பது குற்றமென்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1830-இல். பாட்டுக்கு இன்னும் அந்தச் சட்டம் எட்டவில்லை போலும்!

கோட்டைக்குள் நுழைவோம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள்; மூன்றையும் இணைத்து ஓடும் நெடுமதில். இராசகிரியின் உச்சி ஏறக்குறைய 800 அடி. ஏறுவோருக்கு மூச்சு வாங்கும். அந்தப் பாறைமீது கல்லும் சுண்ணாம்பும் சுமந்து ஏறியவர்களுக்கு என்ன வாங்கியிருக்கும்? அவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. தென்புறத்தே ஒரு குன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பெயர். தோல் தைத்த மக்களின் பெயரைக் குன்றொன்று தாங்கி நிற்கிறது. அவர்கள் கதையைப் பாடத்தான் ஆளில்லை.

கீழே நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. கூரை வளைந்த, சுவர் தடித்த கட்டடங்கள். அரண்மனைகளைவிட இவையே நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கின்றன. 1690 முதல் 1698 வரை எட்டாண்டு முற்றுகை! உள்ளே மராட்டியரின் இராசாராம், வெளியே அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான். வெளியே இருந்த படைக்கே உணவு கிட்டாமல் போய், 1693 தொடக்கத்தில் அது வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. இரு படைகளும் உண்ட நெல் வானத்திலிருந்து உதிர்ந்ததா? சுற்றுப்புறத்து உழவன் விளைத்தது. இறுதியில் கோட்டை வீழ்ந்தது. இராசாராம் தப்பிப் போனான். உழவன் எங்கே தப்பிப் போவான்?

2025 சூலைத் திங்களில் ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு நிறுவனம் செஞ்சியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மகிழ்ச்சி! ஆனால் எந்தப் பெயரில்? மராட்டியரின் படையரண்கள் என்ற தலைப்பில், பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக. மற்றப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. சிவாசி 1677-இல் இதைக் கைப்பற்றி வலுப்படுத்தியது உண்மை, மறுப்பாரில்லை. எனினும் அவர்கள் வசம் இருந்தது 21 ஆண்டு. 1190 அளவில் ஆனந்தக்கோன் என்னும் இடையர்குலத் தலைவன் தொடங்கினான் என்பது மரபு. விரித்துக் கட்டியவர்கள் நாயக்கர்கள். பின்னர் பீசப்பூரார், முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். இத்தனை பேர் கையில் இருந்த கோட்டைக்கு ஒரே ஒரு பெயர்ப்பலகை போதுமா? பெயரெழுதும் வேளையில் நம் ஆய்வாளர் குரல் ஓங்கி ஒலித்திருக்க வேண்டும்.

கோட்டையோடு திரும்பிவிடுவோர் பலர். அது தவறு. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அங்கேயே, சந்திரநந்தி ஆசிரியர் என்பார் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. உண்ணாது உயிர்விடுவது நமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்தச் சில வரிகள், தமிழி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தின் எழுத்தைக் கண்முன் காட்டுகின்றன. செஞ்சியில் மதில் எழுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே தமிழ் எழுதப்பட்டது. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் அண்டையூர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்கின்றன. அவர்களது மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. கோட்டைக்கு வண்டி வண்டியாக வருவோர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.